இருபத்திரண்டாம் நம்பர்

சபை டூருக்குப் பெயர் எழுதும் நோட்டு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில், ஒரு மேசைமேல் இருக்கும். பக்கம் முழுக்க வரிசையாக நம்பர் போட்டிருக்கும். யார் எந்த நம்பருக்கு எதிரே பெயர் எழுதுகிறார்களோ, பஸ் சித்தூர் திரும்பும்வரை அவர்களுக்கு அதுதான் பெயர். எங்கே நின்று கிளம்பினாலும் செயலாளர் "நம்பர்!" என்று குரல் கொடுப்பார். ஆளாளுக்குத் தங்கள் நம்பரைக் கத்த வேண்டும். ஒரு நம்பர் வராவிட்டால் பஸ் நகராது.

இந்த வழக்கத்தைச் சபைக்குக் கொண்டுவந்தவளே ஞானமணிதான். மிஷன் பெண்கள் விடுதியில் முப்பத்தொரு வருஷம் மேட்ரனாக இருந்தவள். எண்பது பிள்ளைகளை இரண்டு பஸ்ஸில் ஏற்றி எங்கெங்கோ கூட்டிப்போய், ஒன்றைக்கூடத் தொலைக்காமல் திரும்பக் கொண்டுவந்து சோறு போட்டவள். அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று. ஒருத்தி நம்பரை இன்னொருத்தி சொல்லக்கூடாது. தோழிக்காக வாய் தவறிச் சொன்னவளுக்கு அன்று ராத்திரி முட்டை கிடையாது.

சபை டூரில் அவள் எப்போதும் இருபத்திரண்டு. கணவர் ஞானசிங் இருபத்துமூன்று. ஒருமுறை ஒகேனக்கலில் பஸ் கிளம்பும் நேரத்தில் இருபத்துமூன்று வரவில்லை. மனிதர் கட்டணக் கழிப்பறை வரிசையில் நின்றிருந்தார். அது எல்லாருக்கும் தெரியும். "எங்க இருக்காருன்னு தெரியும் இல்ல, சொல்லிடுங்கக்கா, வண்டிய அங்க கொண்டுபோய் நிறுத்திக்கலாம்" என்றார்கள். அவள் காலி சீட்டைப் பார்த்தபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரம் கழித்து ஞானசிங் வேர்த்து ஓடிவந்தார்.

"கட்டின புருஷன் நம்பரக்கூட சொல்லமாட்டியா நீ? என்ன ஆத்துல வுட்டுட்டுப் போயிடுவ போலிருக்குதே."

"சொன்னாத்தான் வுட்டுட்டுப் போவாங்க. சொல்லாததாலதான் பஸ்ஸு இங்க நிக்குது. உக்காருங்க."

அந்தப் பேச்சை அவர் சாகும்வரை விடவில்லை. வீட்டில் காப்பி தாமதமானாலும் "இருபத்துமூணு இன்னும் வரல" என்பார்.

அவர் போய் இரண்டு வருஷம். அவர் போன எட்டாம் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து ஞானமணிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து அலுமினிய வாக்கர்தான். முன் இரண்டு காலில் சக்கரம், பின் இரண்டில் ரப்பர் மூடி. முன்கம்பியில் ஒரு துணிப்பை கட்டியிருந்தாள். தண்ணீர் பாட்டில், துண்டு, போன் எல்லாம் அதற்குள். வீட்டுக்குள் சமையலிலிருந்து துணி காயப்போடுகிறவரை எல்லாம் நடந்தது. ஆனால் இரண்டு வருஷமாக டூர் இல்லை.

இந்த அக்டோபரில் அவள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நோட்டு மேசைக்குப் போனாள். செயலாளர் ஜாபேஸ் எழுந்து நின்றார். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற மனிதர். எதையும் பட்டியல் போட்டுத்தான் யோசிப்பார்.

"அக்கா, உங்களுக்குச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. இது திருப்பதி ஜூவும் சந்திரகிரி கோட்டையும், ஒரு நாள். ஆனா ஜனவரில மைசூரு மூணு நாள். கமிட்டில வாக்கரு வீல்சேருன்னா வேணாம்ன்றாங்க."

"மைசூரப் பத்தி நான் இன்னும் கேக்கவேயில்லியே."

"கேப்பீங்க இல்ல?"

"கேப்பேன்."

"அதான். இந்த ஒரு நாள் வாங்க. யாருக்கும் தொந்தரவு இல்லாம சமாளிச்சீங்கன்னா மைசூருக்கு நானே உங்க பேர எழுதறேன். இல்லன்னா நீங்க என்னக் கோச்சிக்கக் கூடாது."

ஞானமணி பேனாவை வாங்கி இருபத்திரண்டில் பெயரை எழுதினாள். இருபத்துமூன்று காலியாக இருந்தது. பேனா அங்கேயே கொஞ்சம் நின்றது. கூட வந்த பக்கத்து வீட்டு வெங்கடம்மா எட்டிப் பார்த்து, "நம்மள எல்லாம் சேத்துக்குவீங்களா? நான் முருகன் கோயிலுக்குப் போறவ" என்றாள். "புலிக்கு அதெல்லாம் தெரியாது, எழுது" என்று ஞானமணி பேனாவை அவள் கையில் கொடுத்தாள்.

மகன் ஜெர்ரி பெங்களூரிலிருந்து போனில் கோபித்தான். "ஏம்மா, நான் கார்ல கூட்டினு போவமாட்டேனா?"

"கார்ல போனா ஊரப் பாக்கலாம்டா. ஜனங்களோட போவ முடியாது."

* * *

காலை ஆறு மணிக்குக் கோயில் வாசலிலிருந்து பஸ். மேகம் மூடியிருந்தது. படி உயரம். ஞானமணி விடுதிச் சமையலறையில் உட்காரப் போட்டிருந்த பழைய மணைப்பலகையை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். அதைப் படிக்குக் கீழே போட்டு, கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து ஏறினாள். தூக்கிவிட வந்த இரண்டு பேரை, "தூக்காதீங்கப்பா, தூக்கனா எனக்கு எங்க கால் வெக்கறதுன்னு தெரியாது" என்று தள்ளி நிற்கச் சொன்னாள். முன் சீட்டில் உட்கார்ந்து, வாக்கரை மடக்கிப் பக்கத்தில் சாய்த்து, நாடாவால் கம்பியில் கட்டினாள். இதற்கு நாலு நிமிஷம் ஆனது. நாலு நிமிஷம் என்று ஜாபேஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்தது.

"நம்பர்!"

ஒன்று, இரண்டு என்று வந்துகொண்டிருந்தபோது அவள் நாடாவை முடிந்துகொண்டிருந்தாள். இருபத்தொன்று முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து வெங்கடம்மா, "இருவத்திரெண்டு, இருவத்திமூணு!" என்று ஒரே மூச்சில் கத்தினாள். பஸ் கிளம்பிவிட்டது.

"ஏ வெங்கடம்மா, என் நம்பர நான் சொல்லமாட்டேனா?"

"நீ கட்டிக்கினு இருந்தியேக்கா! எதுக்கு உனக்கு ரெண்டு வேல? நான் சும்மாதான உக்காந்துகினு இருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பின் சீட்டில் இருந்த ஜாபேஸின் மனைவி பிளெஸ்ஸி, விடுதியில் ஞானமணியிடம் வளர்ந்தவள், "மேட்ரன்க்கா, அவங்களுக்கு இன்னிக்கு முட்ட கட்" என்றாள். மறுபடி சிரிப்பு. ஞானமணியும் சிரித்தாள். தொந்தரவு இல்லாமல் இருக்கவேண்டிய நாளில் நம்பருக்காக யாரிடம் சண்டை போடுவது என்று விட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

ஜூவில் பேட்டரி வண்டி கிடைத்தது. வெங்கடம்மா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கில் அவர் ஊர், சாதி, மகள் கல்யாணம் எல்லாம் விசாரித்து முடிப்பதற்குள் புலி வந்துவிட்டது. புலி எல்லாருக்கும் முதுகைக் காட்டித் தூங்கியது. "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? எங்க வூட்டுக்காரன் இதே போலதான் படுத்துகினு இருக்கான்" என்றாள் வெங்கடம்மா. நடந்தவர்கள் வேர்த்து வந்து சேர்ந்தபோது ஞானமணி காற்றாட உட்கார்ந்து மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நீங்கதான் ராணி" என்று சுரேஷ்பாபு பொறாமைப்பட்டார். பாடகர் குழுவில் பெருத்த குரலுக்கும் பெருத்த தொந்திக்கும் அவர்தான். ஜாபேஸும் தலையாட்டினார். வழியில் காப்பிக்கு நின்று கிளம்பியபோதும், ஜூவிலிருந்து கிளம்பியபோதும் வெங்கடம்மாதான் இரண்டு நம்பரையும் சொன்னாள். மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை. அது வழக்கமாகிவிட்டது.

மத்தியானம் சந்திரகிரிக் கோட்டைப் புல்வெளியில் சாப்பாடு. புளிசோறு, தயிர்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், ஆளுக்கு ஒரு முட்டை. சாப்பிட்டு மற்றவர்கள் ராஜமகாலுக்குள் படியேறிப் போனார்கள். ஞானமணி தகரக் கூரை போட்ட உட்காருமிடத்தில் இருந்தாள். அவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தபோது மலைப்பக்கத்திலிருந்து மழை ஒரே போடாகப் போட்டது. எல்லாரும் வாசலில் நின்ற பஸ்ஸைப் பார்த்து ஓடினார்கள். பிளெஸ்ஸி மட்டும் நின்றாள்.

"மேட்ரன்க்கா, ஈரக் கல்லுல வாக்கரு வழுக்கும். நான் இத பஸ்ல வெச்சுட்டுக் கொட எடுத்துக்கினு யாரையாச்சும் அனுப்பறேன். கைத்தாங்கலா போயிடலாம். எந்திரிக்காதீங்க."

அவள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பையும் அதோடு போனது.

* * *

மழை பத்து நிமிஷம் அடித்துவிட்டுச் சட்டென்று நூலாக இறங்கியது. குடை வரவில்லை. ஞானமணி காத்திருந்தாள். கோட்டையைச் சுத்தம் செய்கிற ஒரு அம்மாள் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு, ஈர இலை அள்ளிய இரண்டு சக்கரத் தள்ளுவண்டியைக் கூரைக்குள் இழுத்து வந்து நிறுத்தினாள்.

"ஏமம்மா, தனியா உக்காந்துகினு இருக்க? பஸ்ஸு போயிருச்சே!"

"எந்த பஸ்ஸு?"

"வெள்ள பஸ்ஸு. முன்னால சிலுவ போட்டு இருந்துச்சே. மழ கொறஞ்சதுமே திரும்பிப் போச்சு, கால் மணி ஆவுது."

"இருக்காதும்மா. நம்பர் சொல்லாம எடுக்கமாட்டாங்க" என்று சொல்லும்போதே ஞானமணிக்கு வெங்கடம்மாவின் குரல் காதில் கேட்டது. இருவத்திரெண்டு, இருவத்திமூணு. ஒரே மூச்சில்.

கை தானாக வாக்கரைத் தேடி முன்னால் போய்க் காற்றைப் பிடித்தது. பயம் வந்தது. ஆனால் அது கோட்டையில் தனியாகக் கிடக்கிறோமே என்ற பயம் இல்லை. வாக்கர் வைத்திருந்த அம்மாவைத் தேடிக்கொண்டு பாதி வழியிலிருந்து பஸ் திரும்பி வந்தது என்று வருகிற ஞாயிறு கோயில் வாசலில் பேசுவார்கள். ஜாபேஸ் பட்டியலை மடித்துப் பைக்குள் வைப்பார். மைசூர் போயிற்று. மைசூர் மட்டுமா? இனி எந்த நோட்டிலும் இருபத்திரண்டுக்கு எதிரே வேறு யாராவது.

"நட, கேட்டு கிட்ட ஆபீஸ்ல சொல்லலாம்" என்றாள் அந்த அம்மாள். பெயர் செங்கம்மா.

"எப்படி நடப்பேன்? என் காலு பஸ்ல போய்க்கினு இருக்குது."

செங்கம்மா அவள் காலைப் பார்த்தாள். இரண்டும் இருந்தன. ஞானமணி இடுப்பைத் தொட்டுக்காட்டி விஷயத்தைச் சொன்னதும், "அய்யோ தேவுடா" என்று இடுப்பிலிருந்து பட்டன் போனை எடுத்துக் கொடுத்தாள்.

ஞானமணிக்கு மனப்பாடமாக ஒரே ஒரு நம்பர்தான் தெரியும். அதைச் சொன்னாள். செங்கம்மா அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது.

"எடுக்கல. யாருது?"

"என் வூட்டுக்காரருது."

"அவரும் பஸ்லதான் இருக்காரா? பொண்டாட்டிய வுட்டுட்டா போனாரு?"

"அவரு செத்து ரெண்டு வருஷமாவுது."

செங்கம்மா போனைக் காதிலிருந்து எடுத்துத் தள்ளிப் பிடித்தாள்.

"பயப்படாதம்மா. நான் வுழுந்தப்போ என் போனு நொறுங்கிப் போச்சு. அதுல இருந்து அவரு போன நான் வெச்சினு இருக்கேன். அது பைல இருக்குது, பை பஸ்ல இருக்குது. இன்னொரு தரம் போடு. சேவல் கூவற சத்தம் வெச்சிருப்பாரு. யாராச்சும் எடுக்காமலா போவாங்க."

இரண்டாம் தரமும் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் யாரோ எடுத்தார்கள். பின்னால் பஸ் இரைச்சல்.

"அலோ, மேட்ரன்க்கா தூங்கினு இருக்காங்க. நீங்க யாரு?"

"பிளெஸ்ஸி, நான்தான் மேட்ரன்க்கா."

அங்கே ஒரு அலறல் கேட்டது. அதற்குப் பின்னால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். "நிறுத்து, நிறுத்து" என்று ஜாபேஸ். "யக்கா! எங்கக்கா இருக்க?" என்று அழுதுகொண்டே வெங்கடம்மா.

"மெதுவா வாங்க. எங்கயும் போவமாட்டேன்" என்று சொல்லி ஞானமணி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

பஸ் பனபாக்கம் தாண்டிப் போயிருந்தது. வர அரைமணி ஆகும். மழையால் தள்ளிப்போன சாப்பாட்டைச் செங்கம்மா இப்போதுதான் பிரித்தாள். கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைப் பச்சடியும். ஒரு உருண்டை கிள்ளி மூடியில் வைத்து நீட்டினாள். "துன்னு." ஞானமணி வாங்கித் தின்றாள். பச்சடியில் பூண்டு தூக்கலாக, நன்றாக இருந்தது.

"இந்தக் கோட்டைக்கு முன்னால வந்துருக்கியா?"

"ஒம்பது தரம் வந்துருக்கேன். எண்பது புள்ளைங்களோட."

"அப்ப எல்லாம் பாத்தாச்சு."

ஞானமணி யோசித்தாள். ஒன்பது முறையும் அவள் பார்த்தது தலைகளைத்தான். இரட்டைச் சடை, ரிப்பன், அறுபத்தேழு, அறுபத்தெட்டு, குளத்தோரம் போகாதே, அறுபத்தொன்பது. மகாலின் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால்கூடச் சொல்லத் தெரிந்திருக்காது.

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். மழை கழுவிவிட்ட ராஜமகால் எதிரே நின்றது. வளைவுக்கு மேல் வளைவு, அதற்கு மேல் சின்ன வளைவு, உச்சியில் கூம்புகள். சாந்து பெயர்ந்த இடத்தில் தண்ணீர் இறங்கிக் கோடு போட்டிருந்தது. பின்னால் கரும்பாறை மலையில் ஒரு மேகம் பாதி இறங்கி, போகலாமா வேண்டாமா என்பதுபோல உட்கார்ந்திருந்தது. ஒரு ஜன்னலில் கிளிகள் இரண்டு போய்ப் போய் வந்தன.

"ஒரு மரக்கட்ட கூட வெக்காம கட்டனாங்களாம்" என்றாள் செங்கம்மா. "கைடு சொல்லுவாரு. நான் பதினாலு வருஷமா பெருக்கறேன், தேடிப் பாத்துட்டேன், இல்ல."

"பெருக்கிக்கினே பாப்பியா?"

"எங்க பாக்கறது? குப்பையப் பாத்தா கோட்ட தெரியாது. கோட்டையப் பாத்தா மேஸ்திரி திட்டுவான்."

இருவரும் சிரித்தார்கள். ஞானமணிக்கு இடுப்பில் வலி இல்லை. அரைமணி நேரம் யாரும் அவளை எதற்கும் எண்ணவில்லை, அவளும் யாரையும் எண்ணவில்லை. இது நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. அவர் இருந்திருந்தால் காட்டியிருக்கலாம். அவருக்கும் அவள் ஒருதரம் கூட இதைக் காட்டியதில்லை.

பிறகு அவள் கண் தள்ளுவண்டியில் நின்றது. இரண்டு சக்கரம், பிடிக்க இடுப்புயரத்தில் கம்பி, உள்ளே ஈர இலைப் பாரம்.

"செங்கம்மா, இது தள்ளனா பறந்துகினு ஓடுமா, நின்னு நகருமா?"

"இந்தப் பாரத்துல எங்க ஓடும்? மாடு போல நகரும். எதுக்கு?"

"ஒரு பக்கம் நீ புடி. பஸ்ஸு வர்றதுக்குள்ள நான் கேட்டுக்குப் போவணும்."

"வுழுந்துட்டா என் தலதான் போவும் தாயே!"

"வுழமாட்டேன். ஒரு வருஷமா இந்த வேலதான் பண்றேன்."

* * *

பஸ் வந்து நின்றபோது கோட்டை வாசலில் ஞானமணி குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். வண்டி, நோவுகால், நல்லகால். வண்டி, நோவுகால், நல்லகால். பக்கத்தில் செங்கம்மா ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் அவள் புடவை மடிப்பையும் பிடித்திருந்தாள்.

முதலில் குதித்தவள் வெங்கடம்மா. ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். "யக்கா, நான்தான்க்கா சொன்னேன் உன் நம்பர! வாக்கரு நிக்குது, துண்டு தொங்குது, நீ இருக்கறேன்னு சொல்லிட்டேன்க்கா!"

"நான் சுரேஷ்பாபு அண்ணன் கைல கொடயக் குடுத்து அனுப்புனேன்" என்றாள் பிளெஸ்ஸி.

சுரேஷ்பாபு குடையை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். "நான் எறங்கப் போனேன். திரும்பிப் பாத்தா சீட்டாண்ட வாக்கரு. சரி, அக்கா ஏறிட்டாங்கன்னு உக்காந்துட்டேன். சீட்டு வேற ஒசரம், தல தெரியல. அப்புறம் சேவல் கூவுது, கூவுது, அக்கா எடுக்கவேயில்ல, பிளெஸ்ஸிதான் பின் சீட்ல இருந்து கைய வுட்டுப் போன எடுத்துச்சு..."

"இயேசுவத் தெரியாதுன்னு சொன்ன பேதுருவுக்கே சேவல் கூவனதும் உறைச்சுது, இங்க மூணு தரம் கூவியிருக்குது. அப்பவும் உங்களுக்கு உறைக்கல" என்றாள் ஞானமணி. பிளெஸ்ஸி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

ஜாபேஸ் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. "தப்பு எங்க மேலதான்க்கா. ஆனா இதுக்குத்தான் நான் பயந்தேன். ஒரு நாள் டூர்லயே இப்படி. மைசூர்ல அவ்ளோ கூட்டத்துல..."

"ஜாபேஸு, ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு யாரு தொலஞ்சது? உக்காரச் சொன்ன எடத்துலதான் நான் உக்காந்துகினு இருந்தேன். நீங்க எண்ணுனது வாக்கர. அதப் பத்திரமா கூட்டினு போனீங்க. மைசூருக்கும் அதத்தான் கூட்டினு போவப்போறீங்களா, என்னக் கூட்டினு போவப்போறீங்களா?"

ஜாபேஸ் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். இருபத்திரண்டில் அவரே போட்ட டிக் இருந்தது. குப்பை வண்டியைப் பார்த்தார். "நீங்களே எண்ணிடுங்கக்கா மைசூர்ல. நீங்க எண்ணுனா இப்படி ஆவாது" என்றார்.

"வேணாம்ப்பா. முப்பத்தொரு வருஷம் எண்ணியாச்சு. நான் பாக்கறதுக்கு வர்றேன். எண்ணறது உன் வேல. என் நம்பர மட்டும் நான் சொல்லிக்கறேன்."

"சரிக்கா" என்றார் ஜாபேஸ். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பட்டியலின் பின்பக்கத்தில் 'மைசூர்' என்று தலைப்பு எழுதி, அதன் கீழே முதல் பெயராக அவள் பெயரை எழுதினார். நம்பர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

செங்கம்மாவுக்கு மிச்சமிருந்த புளிசோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். வாக்கர் கீழே வந்தது. ஞானமணி மணைப்பலகையைப் போட்டு, நல்ல காலை வைத்து ஏறினாள். யாரும் தூக்க வரவில்லை.

"நம்பர்!" என்றார் ஜாபேஸ்.

ஒன்றிலிருந்து வரிசையாக வந்தது. இருபது. இருபத்தொன்று. அப்புறம் சத்தம் நின்றது. ஞானமணி வாக்கரை மடக்கிக்கொண்டிருந்தாள். மடக்கிச் சாய்த்தாள். நாடாவை எடுத்துக் கம்பியைச் சுற்றினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். கடைசி வரிசையில் வெங்கடம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். நாற்பது பேர் மூச்சுவிடுகிற சத்தமும் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தமும் மட்டும் கேட்டன. ஞானமணி முடிச்சை இழுத்துப் பார்த்தாள், சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள், புடவையைக் காலுக்கு இழுத்துவிட்டாள். ஜன்னல் வழியே மகாலை இன்னொருமுறை பார்த்தாள். மேகம் இன்னும் போகவில்லை.

"இருபத்திரெண்டு" என்றாள்.

பின்னாலிருந்து இருபத்துமூன்று வந்தது.